சின்னச் சொற்கள், பெரிய பொறுப்பு

ஆங்கிலக் கடிதங்களில் முன்னிடைச் சொற்களைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு சகோதரி, அஸர் தொழுகை முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. கையில் மடித்த ஒரு கடதாசி.

"ராத்தா, நான் இனிமே இங்கிலீஷ்ல ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். எல்லாத்தையும் என்ட மச்சானே எழுதட்டும்" என்றார்.

அவருடைய கணவர் டோஹாவில் சாரதியாகப் பணிபுரிகிறார். முதுகில் சத்திர சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்து கவனிக்க ஆளில்லை. இரண்டு மாதங்களுக்கு மனைவி போய் வருவதென்று முடிவாயிற்று. மூன்றாம் ஆண்டில் படிக்கும் மகனை உம்மாவிடம் விட்டுச் செல்ல வேண்டும். பிள்ளையைப் பாடசாலையிலிருந்து அழைத்துச் செல்லவும், தேவைப்பட்டால் ஒப்பமிடவும் உம்மாவுக்கு அனுமதி தரும்படி பாடசாலைக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. அது ஆங்கில மொழிமூலப் பாடசாலை. கடிதமும் ஆங்கிலத்தில்தான் வேண்டுமாம்.

இரவு முழுவதும் இருந்து தானே எழுதியிருக்கிறார். அதில் ஒரு வசனம் இப்படி இருந்தது: "டியூரிங் மை எப்சன்ஸ், மை சன் வில் பீ இன் சார்ஜ் ஒஃப் மை மதர்." நான் இல்லாதபோது மகன் என் தாயாரின் பொறுப்பில் இருப்பான் என்று சொல்ல நினைத்திருக்கிறார். ஆனால் அந்த வசனத்தின் பொருள் நேர் எதிரானது. 'என் தாயாருக்கு என் மகன் பொறுப்பாக இருப்பான்' என்பதே அதன் கருத்து. எட்டு வயதுப் பேரன் உம்மும்மாவை நிர்வகிப்பானாம்! காரியாலயத்தில் அதை வாசித்தவர் சிரித்திருக்கிறார். சுற்றி நின்ற தாய்மாரும் சிரித்திருக்கிறார்கள். கடிதத்தைத் திருத்தி எழுதி வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வசனத்தில் எழுத்துப் பிழை இல்லை. காலப் பிழையும் இல்லை. ஒரேயொரு சின்னஞ்சிறு சொல்தான் குறைந்திருந்தது. "இன் சார்ஜ் ஒஃப்" என்றால் பொறுப்பு வகிப்பது. "இன் த சார்ஜ் ஒஃப்" என்றால் பொறுப்பில் இருப்பது. நடுவில் வரும் "த" என்ற ஓர் அசை உம்மும்மாவையும் பேரனையும் இடம் மாற்றிவிட்டது.

அன்பான சகோதரிகளே, அந்தச் சிரிப்பு ஒரு நாளில் மறந்துபோகும். "இனி எழுத மாட்டேன்" என்ற அந்தச் சொல்தான் என் மனதை உறுத்தியது. நம் வீட்டு விஷயத்தை, நம் பிள்ளையின் விஷயத்தை, நம் பணத்தின் விஷயத்தை இன்னொருவர் எழுதித் தர, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒப்பமிடும் நிலைக்கு ஒரு பெண் திரும்பிப் போவது சின்ன இழப்பல்ல. எனவேதான் இந்தச் சின்னச் சொற்களைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன்.

நமக்குப் புதியதல்ல

1987ஆம் ஆண்டு நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆகவே அரச காரியாலயங்களுக்குத் தமிழில் எழுதுவதற்கு நாம் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் தனியார் வங்கி, காப்புறுதி நிறுவனம், தூதரகம், வெளிநாட்டுத் தொழில் வழங்குநர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்று வரும்போது ஆங்கிலக் கடிதம் தேவைப்படுகிறது. அங்கே நம்மைத் தடுக்கி விழ வைப்பவை பெரிய சொற்கள் அல்ல. அவற்றை அகராதியில் தேடிக் கொள்ளலாம். இன், ஒன், அட், பை, டு, ஃபோர், ஒஃப், வித் என்னும் குட்டிச் சொற்களே தொல்லை தருகின்றன. இவற்றை முன்னிடைச் சொற்கள் என்று இலக்கணத்தில் சொல்வார்கள்.

இவை நமக்கு அந்நியமானவை அல்ல. எந்த நற்காரியத்தைத் தொடங்கும்போதும் நாம் சொல்லும் பிஸ்மில்லாவின் முதலெழுத்தாகிய "பி" ஒரு முன்னிடைச் சொல்தான். மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளைக் கேட்டால் ஹுரூஃபுல் ஜர் என்று பி, மின், இலா, அன், அலா, ஃபீ, லி என வரிசையாகச் சொல்வார்கள். அரபியில் "ரகிப" என்ற வினையோடு "ஃபீ" சேர்ந்தால் ஒன்றை விரும்பினான் என்று பொருள். அதே வினையோடு "அன்" சேர்ந்தால் அதைப் புறக்கணித்தான் என்று பொருள். வினை ஒன்றே. பின்னால் வரும் ஈரெழுத்து, விருப்பத்தை வெறுப்பாக்கி விடுகிறது. ஆங்கிலத்திலும் கதை இதுதான்.

தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபுகள் செய்கின்றன. அவை சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்கிறோம். ஆங்கிலத்தில் அவை தனிச் சொல்லாக முன்னால் நிற்கும். இந்த வித்தியாசம் மட்டும் என்றால் சுலபமாகச் சமாளித்து விடலாம். ஆனால் நமது ஓர் உருபுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் இல்லை.

"வாசலில் நின்றார்" என்பதற்கு "அட் த கேட்". "சுவரில் மாட்டினார்" என்பதற்கு "ஒன் த வோல்". "பெட்டியில் வைத்தார்" என்பதற்கு "இன் த பொக்ஸ்". தமிழில் மூன்றும் "இல்" தான். அதுபோலவே "பத்து மணிக்கு" என்பதற்கு "அட்", "கொழும்புக்கு" என்பதற்கு "டு", "பிள்ளைக்கு வாங்கினேன்" என்பதற்கு "ஃபோர்". தமிழில் மூன்றும் "கு" தான். ஆகவே தமிழ் வசனத்தை மனதில் வைத்துக்கொண்டு உருபுக்கு உருபு மாற்றினால் பிழை வருவது நிச்சயம்.

இது நமது அறிவுக் குறைவு அல்ல. தமிழ் கற்கும் ஓர் ஆங்கிலேயர் "எனக்குப் பசிக்கிறது" என்பதை "நான் பசிக்கிறேன்" என்று சொல்வார். அவருக்கு நாம் என்ன காரணம் சொல்லி விளக்குவோம்? "அப்படிச் சொல்வதில்லை, இப்படித்தான் சொல்வோம்" என்போம். ஒவ்வொரு மொழிக்கும் இப்படியொரு வழக்கம் இருக்கிறது. அதைச் சூத்திரம் போட்டுப் பிடிக்க முடியாது. பழகித்தான் பிடிக்க வேண்டும்.

திகதியும் நேரமும்

கடிதம் என்றால் திகதி வராமல் இராது. எனவே முதலில் இதை நேராக்கிக் கொள்வோம்.

மணிக்கு "அட்" வரும். "அட் டென் ஓ'க்ளொக்." நாளுக்கும் திகதிக்கும் "ஒன்" வரும். "ஒன் மண்டே", "ஒன் 5 மார்ச்." மாதத்துக்கும் வருடத்துக்கும் "இன்" வரும். "இன் மார்ச்", "இன் 2019." காலையில் என்பதற்கு "இன் த மோர்னிங்" என்றாலும், திங்கட்கிழமை காலையில் என்னும்போது நாள் முந்திக்கொள்ளும். "ஒன் மண்டே மோர்னிங்" என்றே எழுத வேண்டும். இரவில் என்பதற்கு "அட் நைட்".

இனி, எல்லோரும் தடுமாறும் இடம். "20ஆம் திகதிக்குள் படிவத்தைத் தருவேன்" என்பதை அந்தச் சகோதரி "விதின் 20 ஏப்ரல்" என்று எழுதியிருந்தார். "விதின்" என்ற சொல்லுக்குப் பின் ஒரு கால அளவு வர வேண்டும். "விதின் 14 டேஸ்" சரி. திகதிக்கு "பை" வர வேண்டும். "பை 20 ஏப்ரல்" என்றால் 20ஆம் திகதியோ அதற்கு முன்போ என்பது கருத்து. "பிஃபோர் 20 ஏப்ரல்" என்றால் 19ஆம் திகதியே கடைசி நாள். இந்தச் சந்தேகமே வரக்கூடாது என்பதற்காகத்தான் விண்ணப்ப அறிவித்தல்களில் "ஒன் ஓர் பிஃபோர்" என்று போடுகிறார்கள். அந்தத் திகதியிலோ அதற்கு முன்னரோ என்று பொருள். உங்கள் கடிதத்திலும் தாராளமாக அப்படி எழுதலாம்.

"அன்டில்" என்பது வேறு. அந்த நாள் வரை ஒரு காரியம் தொடர்ந்து நடப்பதை அது குறிக்கும். "ஐ ஷெல் பீ இன் டோஹா அன்டில் 20 ஜூன்" என்றால் அதுவரை அங்கே இருப்பேன். "ஐ ஷெல் ரிட்டேர்ன் பை 20 ஜூன்" என்றால் அதற்குள் திரும்பி விடுவேன். பணம் தருவதாக எழுதும்போது "பை" என்பதற்குப் பதிலாக "அன்டில்" என்று எழுதினால், அந்தத் திகதி வரை கொடுத்துக்கொண்டே இருப்பதாக வாசிப்பவர் கருத இடமுண்டு.

"2009இலிருந்து இந்த விலாசத்தில் வசிக்கிறேன்" என்பதை நம்மில் பலர் "ஃப்ரம் 2009" என்று எழுதுகிறோம். இன்றும் தொடர்ந்து வசிப்பதானால் "ஐ ஹேவ் லிவ்ட் அட் திஸ் எட்ரஸ் சின்ஸ் 2009" என்பதே சரி. தொடங்கிய காலத்தைச் சொல்ல "சின்ஸ்". எத்தனை வருடங்கள் என்று சொல்ல "ஃபோர்". "ஃபோர் டென் இயர்ஸ்."

இன்னொரு சோடி: "ஒன் டைம்" என்றால் குறித்த நேரத்துக்குச் சரியாக. "இன் டைம்" என்றால் பிந்திப் போகாமல், வேளையோடு. பஸ் "ஒன் டைம்" வந்தது. நாம் அதைப் பிடிக்க "இன் டைம்" போய்ச் சேர்ந்தோம்.

கூட்டாகப் பழக வேண்டிய தொடர்கள்

அலுவலகக் கடிதங்களில் முன்னிடைச் சொற்கள் தனியாக வருவதைவிடக் கூட்டமாக வருவதே அதிகம். முன்னும் பின்னும் ஒரு சின்னச் சொல், நடுவில் ஒரு பெயர்ச் சொல். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே சொல்லாக மனதில் பதிக்க வேண்டும். கறிக்குக் கட்டி வைத்த சரக்குப் பொட்டலம் போல, அப்படியே எடுத்துப் போட வேண்டியதுதான்.

"வித் ரிஃபரன்ஸ் டு யுவர் லெட்டர் ஒஃப் 5 மார்ச்": 5 மார்ச் திகதிய உங்கள் கடிதம் தொடர்பாக. "இன் ரிப்ளை டு": பதிலாக. "வித் ரிகார்ட் டு": சம்பந்தமாக. இந்தக் கடைசித் தொடரில் பலரும் "ரிகார்ட்ஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். "ரிகார்ட்ஸ்" என்றால் அன்பு விசாரிப்பு, நம் வழக்கில் சொன்னால் ஸலாம் சொல்வது போல. அது கடிதத்தின் முடிவில் வரவேண்டியது.

"ஒன் பிஹாஃப் ஒஃப்" என்றால் ஒருவர் சார்பில். மகளுக்காக நீங்கள் எழுதினால் "ஒன் பிஹாஃப் ஒஃப் மை டோட்டர்". "ஒன் த பார்ட் ஒஃப்" என்பது வேறு. அது யார் தரப்பில் நடந்தது என்பதைச் சொல்லும். வங்கியின் தரப்பில் நேர்ந்த தவறு என்றால் "எ மிஸ்டேக் ஒன் த பார்ட் ஒஃப் த பாங்க்". இங்கே "பிஹாஃப்" என்று எழுதினால், வங்கியின் சார்பில் வேறு யாரோ தவறு செய்ததாக ஆகிவிடும்.

"இன் வியூ ஒஃப்" என்றால் ஒன்றைக் கருத்திற் கொண்டு. "இன் வியூ ஒஃப் ஹிஸ் இல்னஸ்" என்றால் அவருடைய நோயைக் கருத்திற் கொண்டு. "வித் எ வியூ டு" என்றால் ஒரு நோக்கத்துடன். "வித் எ வியூ டு ஸ்டடியிங் நேர்சிங்" என்றால் தாதியர் கல்வி பயிலும் நோக்கத்துடன். முதலாவது, நடந்த காரணத்தைச் சொல்கிறது. இரண்டாவது, நடக்க வேண்டிய குறிக்கோளைச் சொல்கிறது.

சுகவீனத்தைப் பற்றி எழுதும்போது: காய்ச்சலால் அவதிப்படுகிறாள் என்பதற்கு "சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்". நமது "ஆல்" உருபைப் பார்த்து "பை" என்று எழுதக்கூடாது. வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார் என்பதற்கு "எட்மிட்டட் டு ஹொஸ்பிட்டல்". பாடசாலைக்கு வரவில்லை என்பதற்கு "எப்சன்ட் ஃப்ரம் ஸ்கூல்". லீவில் இருக்கிறார் என்பதற்கு "ஒன் லீவ்". இன்னாரை மணந்தவர் என்பதற்கு "மெரிட் டு". நமது "உடன்" என்பதை நினைத்து "மெரிட் வித்" என்று படிவங்களில் நிரப்புகிறோம். அது வேண்டாம்.

முன்பு சொன்ன "இன் சார்ஜ் ஒஃப்" போலவே இன்னொன்றும் உண்டு. காணி உறுதி என் சகோதரரின் கையில் இருக்கிறது என்றால், "த டீட் இஸ் இன் த பொஸெஷன் ஒஃப் மை பிரதர்". சகோதரர் உறுதியை வைத்திருக்கிறார் என்றால், "மை பிரதர் இஸ் இன் பொஸெஷன் ஒஃப் த டீட்". வைத்திருப்பவர் முன்னால் வந்தால் "த" இல்லை. பொருள் முன்னால் வந்தால் "த" உண்டு. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் இரண்டு தொடர்களும் உங்கள் வசமாகிவிடும்.

வேண்டாத இடத்தில் வேண்டாம்

குறைவாகப் போடுவது போல, அதிகமாகப் போடுவதும் பிழைதான். "அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்" என்கிறோம் அல்லவா? அந்தப் "பற்றி" நம்மைவிட்டுப் போகாமல் "டிஸ்கஸ் எபௌட்" என்று எழுத வைக்கிறது. "டிஸ்கஸ்" என்ற வினைக்குத் துணை தேவையில்லை. "வீ டிஸ்கஸ்ட் த மேட்டர்" என்றால் போதும். "மென்ஷன் எபௌட்" என்பதும் அப்படியே. "எபௌட்" வேண்டாம்.

"ரிக்வெஸ்ட்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது வினையாக வரும்போது "ஃபோர்" வேண்டாம். "ஐ ரிக்வெஸ்ட் யுவர் பெர்மிஷன்." பெயராக வரும்போது "ஃபோர்" வேண்டும். "மை ரிக்வெஸ்ட் ஃபோர் பெர்மிஷன்." அதேபோல "வீ டிஸ்கஸ்ட் த மேட்டர்" என்றாலும், பெயராகும்போது "எ டிஸ்கஷன் எபௌட் த மேட்டர்" என்று வரும். வினைக்கும் பெயருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மறந்துதான் நாம் குழம்புகிறோம்.

கடிதத்தின் கடைசி வசனத்திலும் ஒரு பொறி இருக்கிறது. "உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்" என்பதற்கு "ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்று எழுத வேண்டும். "டு ஹியர்" என்று எழுதக்கூடாது. இங்கே வரும் "டு" ஒரு முன்னிடைச் சொல். அதற்குப் பின் பெயர்ச் சொல்லோ, பெயர் போல நிற்கும் "ஹியரிங்" போன்ற வடிவமோதான் வரும். சந்தேகம் வந்தால், அந்த இடத்தில் "யுவர் ரிப்ளை" என்ற பெயரைப் போட்டுப் பாருங்கள். "ஐ லுக் ஃபோர்வர்ட் டு யுவர் ரிப்ளை" என்று பொருந்துகிறதல்லவா? அப்படியானால் "இங்" வேண்டும்.

ஒப்பமிடும் முன்

இதுவரை நாம் எழுதுவதைப் பற்றிச் சொன்னேன். பிறர் எழுதி நம்மிடம் நீட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கேதான் உண்மையான இழப்பு நேர்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு விதவைச் சகோதரிக்கு, கணவர் வேலை செய்த இடத்திலிருந்து ஒரு காசோலை வந்தது. கூடவே ஒரு பற்றுச்சீட்டு. துக்கத்தில் இருந்தவர், கொண்டுவந்தவர் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார். சில மாதங்கள் கழித்து, கணவருக்குச் சேரவேண்டிய சம்பள நிலுவை அதில் சேரவில்லை என்று தெரிந்து கேட்டபோது, "எல்லாம் தீர்ந்துவிட்டதாக ஒப்பமிட்டிருக்கிறீர்களே" என்றார்கள். பற்றுச்சீட்டில் இருந்த தொடர்: "இன் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் ஒஃப் ஆல் க்ளெய்ம்ஸ்." சகல உரிமைக் கோரிக்கைகளையும் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்த்துக்கொண்டதாக என்பது அதன் பொருள். ஒரு பகுதிதான் கிடைத்தது என்றால் "இன் பார்ட் செட்டில்மென்ட் ஒஃப்" என்று இருந்திருக்க வேண்டும். ஒரு சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் நிலுவைப் பணம் சிக்கிக்கொண்டது.

ஆகவே பின்வரும் தொடர்களைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள். "சப்ஜெக்ட் டு": இந்த நிபந்தனைக்கு உட்பட்டு. அதற்குப் பின் என்ன நிபந்தனை வருகிறது என்று வாசிக்க வேண்டும். "இன் லியூ ஒஃப்": ஒன்றுக்குப் பதிலாக. ஒன்று கிடைக்கும்போது இன்னொன்று போகிறது என்று அர்த்தம். "வித்தவுட் பிரெஜுடிஸ் டு": ஒரு உரிமைக்குப் பங்கம் ஏற்படாமல். இது பெரும்பாலும் உரிமையைப் பாதுகாக்க வரும் தொடர். யாருடைய உரிமையை என்று பாருங்கள். விளங்காவிட்டால், "வாசித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல.

அருள்மறை குர்ஆனிலேயே ஆக நீளமான வசனம் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிவது பற்றியது. சிறிய தொகையானாலும் பெரிய தொகையானாலும் எழுதிக்கொள்ளச் சலிப்படைய வேண்டாமென்று அது நமக்குப் புகட்டுகிறது. எழுத்து விஷயத்தில் கவனமாக இருப்பது நமது தீனுக்கு அந்நியமான பழக்கமல்ல.

பெரிய தொடர்தான் மரியாதையா?

இவ்வளவையும் கேட்டுவிட்டு, கடிதம் முழுவதும் நீண்ட தொடர்களை நிரப்பினால்தான் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலேயர்களே அதை விரும்புவதில்லை. 1926இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற மொழிவழக்கு அகராதியில் எச். டபிள்யூ. ஃபௌலர், இத்தகைய கூட்டு முன்னிடைத் தொடர்களைக் கண்டித்து எழுதினார். பிறகு பிரித்தானிய அரசின் திறைசேரி, தனது ஊழியர்களின் கடிதநடை பொதுமக்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக, சேர் ஏர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரியைக் கொண்டு ஒரு கைநூல் எழுதுவித்தது. 1948இல் வெளிவந்த அந்த நூலின் பெயரே 'எளிய சொற்கள்' என்று பொருள்படும் 'ப்ளெய்ன் வேர்ட்ஸ்'. 1954இல் அது விரிவாக்கப்பட்டு வந்தது. ஒரு சொல் போதுமான இடத்தில் நான்கு சொற்களைப் போடாதே என்பது அதன் முக்கிய படிப்பினைகளில் ஒன்று.

"ஃபோர் த பேர்பஸ் ஒஃப்" என்பதற்குப் பல இடங்களில் "ஃபோர்" போதும். "இன் த இவென்ட் தட்" என்பதற்கு "இஃப்" போதும். "பிரயர் டு" என்பதற்கு "பிஃபோர்" போதும். "வித் ரிகார்ட் டு த மேட்டர் ஒஃப்" என்பதற்கு "எபௌட்" போதும். கடிதத்தின் முதல் வரியில் ஒரு "வித் ரிஃபரன்ஸ் டு" வரலாம். அது முறை. அதற்குப் பின் எளிமையாகப் போவதே அழகு. எளிய சொல்லில் பிழை வருவதும் குறைவு.

எப்படிப் பழகுவது?

இதற்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. ஏ. எஸ். ஹோர்ன்பி என்ற ஆங்கிலேயர், ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் தம் நண்பர்களுடன் சேர்ந்து, பிறமொழியாளருக்கென்றே ஓர் அகராதியைத் தயாரித்தார். அது 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஒக்ஸ்ஃபோர்ட் அதைத் தன் வெளியீடாக்கியது. இன்று நம் பிள்ளைகளின் மேசைகளில் இருக்கும் ஒக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதி அதன் வழிவந்ததுதான். ஆங்கிலேயர் தமக்காகச் செய்த அகராதிகளில் இல்லாத ஒன்று அதில் உண்டு. ஒரு சொல்லின் பொருளோடு, அந்தச் சொல் எந்தச் சின்னச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதையும் உதாரண வசனத்தோடு காட்டும். ஆகவே "எப்சன்ட்" என்ற சொல்லைத் தேடினால் பொருளோடு நின்றுவிடாமல், உதாரண வசனத்தையும் வாசித்து "ஃப்ரம்" என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒரு கொப்பி. வங்கியிலிருந்தும், பாடசாலையிலிருந்தும், மின்சார சபையிலிருந்தும் வரும் ஆங்கிலக் கடிதங்களை எறிந்துவிடாதீர்கள். அவற்றில் வரும் தொடர்களை முழுமையாக, முன்னும் பின்னும் வரும் சின்னச் சொற்களோடு சேர்த்து எழுதி வையுங்கள். வாரத்துக்கு ஐந்து தொடர்கள் என்றால் வருடத்தில் 260 தொடர்கள். ஒரு குடும்பத்தின் கடிதத் தேவைக்கு அது தாராளம்.

மூன்றாவது, எழுதியதைச் சத்தமிட்டு வாசியுங்கள். காதுக்கு நெருடும் இடத்தில் நின்று, அந்த வசனத்தைத் தமிழாக்கிப் பாருங்கள். "யார் யாருக்குப் பொறுப்பு? எந்தத் திகதிக்குள்? எதற்குப் பதிலாக எது?" என்று கேள்வி கேளுங்கள்.

இப்போது கணினியும் கைத்தொலைபேசியுமே பிழை திருத்துகின்றனவே என்று பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான், அவற்றின் உதவியைப் பெறலாம். ஆனால் "இன் சார்ஜ் ஒஃப் மை மதர்" என்பது இலக்கணப்படி சரியான வசனம். "அன்டில்" என்பதும் "பை" என்பதும் தத்தம் இடத்தில் சரியே. நீங்கள் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே கடைசிப் பார்வை உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

அந்தச் சகோதரியின் கடிதம்

அன்று மஃரிப் வரை நாங்கள் இருவரும் இருந்து அந்தக் கடிதத்தைப் பார்த்தோம். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவரையே எழுத வைத்தேன். "மகன் எங்கே இருப்பான்?" என்று கேட்டேன். "உம்மாட கவனிப்புல" என்றார். "அதையே எழுதுங்க" என்றேன். முடிவில் கடிதம் இப்படி அமைந்தது:

"டியர் மேடம், ஐ ஷெல் பீ இன் டோஹா ஃப்ரம் 22 ஏப்ரல் டு 20 ஜூன், ஏஸ் மை ஹஸ்பண்ட் இஸ் டு அண்டர்கோ சேர்ஜரி. டியூரிங் திஸ் டைம் மை சன் வில் பீ இன் த கெயர் ஒஃப் மை மதர். ப்ளீஸ் எலவ் ஹேர் டு கலெக்ட் ஹிம் ஃப்ரம் ஸ்கூல் அண்ட் டு சைன் ஒன் மை பிஹாஃப். ஐ ஷெல் சென்ட் த கம்ப்ளீடட் ஃபோர்ம் பை 20 ஏப்ரல்."

கணவரின் சத்திர சிகிச்சைக்காக ஏப்ரல் 22 முதல் ஜூன் 20 வரை டோஹாவில் இருப்பேன். மகன் என் தாயாரின் கவனிப்பில் இருப்பான். அவனை அழைத்துச் செல்லவும் என் சார்பில் ஒப்பமிடவும் அவரை அனுமதியுங்கள். படிவத்தை ஏப்ரல் 20க்குள் அனுப்புவேன். நான்கே வசனங்கள். "சார்ஜ்" என்ற சொல்லே தேவைப்படவில்லை.

மறுநாள் அவரே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். முதல்நாள் சிரித்தவரே வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்திப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தாராம். அல்ஹம்துலில்லாஹ், பயணமும் நல்லபடியாக நடந்தது. கணவரும் இப்போது எழுந்து நடக்கிறார்.

டோஹாவிலிருந்து திரும்பியதும் அந்தச் சகோதரி எனக்குக் காட்டியது ஒரு சிறிய கொப்பி. வைத்தியசாலையில் கிடைத்த கடதாசிகளிலிருந்து எழுதிய தொடர்கள் அதில் இருந்தன. முதல் பக்கத்தில் முதல் வரியாக "இன் த கெயர் ஒஃப்" என்று எழுதி, கீழே கோடிட்டிருந்தார். "இனி மச்சான்ட்ட கேக்கத் தேவல்ல, ராத்தா" என்றார்.

சகோதரிகளே, இன்ஷா அல்லாஹ், நீங்களும் இம்மாதமே ஒரு கொப்பியைத் தொடங்குங்கள். உங்கள் குடும்பத்தின் விஷயத்தை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.